தொண்ணூற்றொன்பது

விடை இல்லாத கட்டத்தில்
99 போடச் சொல்லியிருக்கிறார் கைடு.
காலியாக விட்டால் கணினி குழம்புமாம்.

காரைக்குடி, செக்காலைக்குப் பின்தெரு.
ஒரு செட்டியார் வீட்டை வாடகைக்கு எடுத்து
பெண்கள் விடுதி ஆக்கியிருக்கிறார்கள்.
வளவைச் சுற்றி இருபத்திரண்டு அறை,
அந்தக் காலத்தில் புள்ளிக்கொன்றாய்க் கட்டியது.
ஒவ்வொன்றுக்கும் தனிப்பூட்டு.
எல்லாக் கதவும் ஒரே முற்றத்தைத்தான் பார்க்கும்,
திறந்தால்.

மெஸ்ஸில் தட்டு கழுவும் வரிசையில் வைத்து
அறுபத்து நான்கு படிவம் கொடுத்தேன்.
நான்கில் ரசம் சிந்தியிருந்தது.
‘இதுக்கு சமோசா உண்டாக்கா?’ என்றவள் ரிஸ்வானா.
கேள்வி ஏழு:
மனம் கனக்கும்போது நீங்கள் பேசக்கூடியவர்கள் எத்தனை பேர்?
நாச்சம்மை முப்பது என்று எழுதி
சைபரை மட்டும் அடித்துவிட்டாள்.
ஜெனிலா ‘கர்த்தர்’ என்று எழுதிவிட்டு
எண்ணிக்கையில் வருமா என்று கேட்டாள்.
வரும் என்றேன். கைடிடம் சொல்லவில்லை.

படிவம் 41. ஏழு மட்டும் காலி.
பேனாவை ஊன்றி யோசித்த ஒரு புள்ளி
மறுபக்கம் வரை இறங்கியிருந்தது.

பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னதே நான்தான்.
ஆராய்ச்சி நெறி. யாரென்று தேடவும் கூடாது.
தேடினேன். பச்சை மை.
பால் கணக்கு நோட்டிலும் அதே பச்சை:
பாண்டிமீனா, வேதியியல் முதலாண்டு, சிங்கம்புணரி.
பதினேழாம் அறை. கூட இருந்தவள்
தீபாவளிக்கு முன்பே டிசி வாங்கிப் போய்விட்டாள்.

அப்புறம் ஒரு செவ்வாய்,
மூன்றரைக்கே இருட்டிக்கொண்டு வந்தது.
‘நட்பு வட்டம் சுருங்கச் சுருங்க’ என்று
ஒரு வாக்கியத்தைத் தொடங்கி
முடிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.
மாடியில் தடதடவென்று காலடி.
ஏறிப் பார்த்தால் பாண்டிமீனா.
இரண்டு தோளிலும் கழுத்திலும் துணி,
பல்லில் நாலு கிளிப்பு,
மொத்தக் கொடியையும் உருவிக்கொண்டிருக்கிறாள்.
மற்றவர்கள் எல்லாம் கல்லூரியில்.
இவளுக்கு அன்று லேப் இல்லை,
அல்லது போகவில்லை. கேட்கவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து மடித்தாள்.
‘இது நாச்சம்மை அக்காவோடது, நாடா ஒரு பக்கம் நீளம்.
இது பதினொன்னாம் ரூம், நீலம் ஜாஸ்தி போடுவாங்க.
இந்தச் சுடிதார் மூணு வாரமா கொடிக்கே வரல,
இன்னைக்குத்தான் வந்துருக்கு.
அவங்களுக்கு இப்பப் பரவால்ல போல.’

என் துண்டை எடுத்து நீட்டினாள்.
‘ராத்திரி ரெண்டு மணிக்குத் துவைக்கிறீங்க.
தூக்கம் வரலையாக்கா?’

என் போனில் நானூற்றுப் பன்னிரண்டு எண்கள்.
ஏழு குழு. இரண்டுக்கு நானே அட்மின்.
போன வாரம் ஒரு ராத்திரி அகரத்தில் தொடங்கி
ஹகரம் வரை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு
எழுந்து போய்
அழுக்கே இல்லாத துண்டைத் துவைத்தேன்.
அதைச் சொல்லவில்லை.
‘இவங்களுக்கெல்லாம் உன்னைத் தெரியுமா?’ என்றேன்.
‘வாசல்ல வச்சிட்டு வந்துருவேன்.
வார்டன் வேலைன்னு நெனச்சுக்குவாங்க.’
சிரித்தாள். மழை பிடித்துக்கொண்டது,
முற்றத்தில் தகரத் தாழ்வாரம் அலறியது,
அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

இரவு, நாற்பத்தோராம் வரிசையில்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
அறுபத்து நாலு என்று போடலாம்.
அவள் அவர்களுக்கு யார் என்பது வேறு,
அவர்கள் அவளுக்கு யார் என்பது வேறு.
ஒன்று என்று போடலாம், என்னைச் சேர்த்து.
அது மோசடி.
99 போட்டேன். மூடினேன்.

பதினேழாம் கதவைத் தட்டி
‘துண்டு இன்னும் ஈரமா இருக்கு’ என்றேன்.
வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.
காலிக் கட்டிலில் கிடந்த ரெக்கார்டு நோட்டுகளை
ஓரமாகத் தள்ளினாள்.

விளக்கணைத்து வெகுநேரம் கழித்து,
தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது,
‘அக்கா, அந்த ஏழாவது கேள்வி.
ஆளு பேரு எழுதணுமா, எண்ணு போதுமா?’
எண்ணு போதும்.
‘அப்ப நாளைக்குச் சொல்றேன்.’